36,000 ரூபா வண்டிக்கு 300 ரூபா பூட்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



எலக்ட்ரிக் பைக் வாங்குறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க பண்ற ஆராய்ச்சியைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கும். ரேஞ்ச் எவ்வளவு, பேட்டரி எத்தனை வாட்-ஹவர், பெட்ரோல் செலவு மிச்சம் எத்தனை மாசத்துல வண்டி விலையை எடுத்துடும்னு எக்செல் ஷீட்டே போட்டு வெச்சிருப்பாங்க. அந்த ஷீட்ல எல்லாம் இருக்கும். பூட்டுக்கு மட்டும் ஒரு வரி இருக்காது. வண்டி டெலிவரி ஆன அன்னைக்கு சாயங்காலம், பக்கத்து சைக்கிள் கடையில "அண்ணே, ஒரு லாக் குடுங்க"ன்னு கேட்டு, அவர் எடுத்து நீட்டுற 300 ரூபா கேபிள் லாக்கை வாங்கிட்டு வந்துடுவாங்க.

ஒரு சி.ஏ.வா என் கருத்தை நேராவே சொல்லிடறேன். பூட்டை ஆக்சஸரி கணக்குல எழுதாதீங்க. மொபைல் ஹோல்டர், பெல், மட்கார்டு வரிசையில அது வராது. அது வர வேண்டிய இடம் இன்சூரன்ஸ் பிரீமியம் வரிசை. ஏன்னா உங்கள்ல நிறைய பேருக்கு அந்த வண்டிக்கு இருக்கிற ஒரே இன்சூரன்ஸ் அந்தப் பூட்டுதான்.

முதல்ல, உங்க வண்டி எந்த வகை?

பேச்சு வழக்குல எல்லாத்தையும் "இ-பைக்"னு சொல்லிடறோம். சட்டத்துக்கு அது ரெண்டு வேற வேற பொருள்.

ஒண்ணு, பெடல் வெச்ச எலக்ட்ரிக் சைக்கிள். ஹீரோ லெக்ட்ரோ, இமோட்டராட் மாதிரி பிராண்டுகள்ல வர்றது. 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரம்புக்குள்ள இருந்தா மத்திய மோட்டார் வாகன விதிகள்படி அது மோட்டார் வாகனமே கிடையாது. லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. விளம்பரத்துல இதைப் பெரிய எழுத்துல போடுவாங்க. இதோட மறுபக்கத்தை யாரும் போடறதில்லை: நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. இல்லை, வாகன்ல உங்க பேர் இல்லை. காணாம போனா "இது என்னுது"ன்னு சொல்ல உங்க கையில இருக்கிறது கடை பில்லும், அதுல எழுதியிருந்தா ஃபிரேம் நம்பரும்தான்.

ரெண்டாவது, ரிஜிஸ்டர் பண்ற எலக்ட்ரிக் ஸ்கூட்டர், பைக். இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூ வீலருக்கு தேர்ட் பார்ட்டி கவர் 5 வருஷத்துக்குச் சேர்த்தே வாங்கணும். திருட்டுக்குப் பணம் தர்ற ஓன் டேமேஜ் கவர் பெரும்பாலும் முதல் வருஷத்துக்கு மட்டும்தான் வரும். பாலிசி பேப்பர்ல 5 வருஷம்னு ஒரு தேதி தெரியுது, போலீஸ்காரர் பிடிச்சா காட்ட அது போதும், அதனால ரெண்டாவது வருஷம் ஓன் டேமேஜை ரினியூ பண்ணாம விட்டவங்க ஏராளம். அவங்களைப் பொறுத்தவரை வண்டி திருடு போனா இன்சூரன்ஸ் பூஜ்யம். படிக்கிறதை இங்க நிறுத்திட்டு உங்க பாலிசியை எடுத்து அந்த ரெண்டு தேதியையும் பாருங்க. நான் வெயிட் பண்றேன்.

திருடு போனா யார் பணம் தருவாங்க?

போன வருஷம் என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி, பெருங்குடி பக்கம் வேலை. 36,000 ரூபாய்க்கு எலக்ட்ரிக் சைக்கிள், 12 மாச நோ-காஸ்ட் இ.எம்.ஐ., மாசம் 3,000. அஞ்சு தவணை கட்டியிருந்தார். ரயில்வே ஸ்டேஷன் வெளியில கேபிள் லாக் போட்டு நிறுத்தினது, சாயங்காலம் வந்து பார்த்தா ரெண்டு துண்டா வெட்டின கேபிள் மட்டும் கிடந்திருக்கு. வீட்ல சார்ஜர் இருக்கு, வண்டி இல்லை. மீதி ஏழு தவணை, 21,000 ரூபாய், மாசாமாசம் அஞ்சாம் தேதி கரெக்டா அக்கவுண்ட்ல இருந்து போயிட்டே இருந்தது. "மேடம், இதை லாஸ்னு காட்டி டாக்ஸ்ல கழிக்க முடியுமா?"ன்னு கேட்டார்.

முடியாது. நம்ம சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள், நகை மாதிரி சில விதிவிலக்கு தவிர, வருமான வரிச் சட்டத்துல கேப்பிட்டல் அசெட்டே கிடையாது. அதனால அது தொலைஞ்சா கேப்பிட்டல் லாஸும் கிடையாது. சம்பளக்காரருக்கு வேற எந்தத் தலைப்புலயும் அதைக் கழிக்க வழியில்லை. 36,000 போனா வரி கட்டின பிறகு கையில நின்ன காசுல இருந்து முழு 36,000 போகுது.

"வீட்டு இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு சிலர் கேட்பீங்க. 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருக ரக்ஷா மாதிரி பாலிசி அடிப்படையில தீ, வெள்ளம், புயல் மாதிரி ஆபத்துக்கானது. ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற சைக்கிளுக்கு அது வராது. சைக்கிளுக்குத் தனி பாலிசி சில இடத்துல கிடைக்குது. கேட்டுத்தான் வாங்கணும், தானா வராது. வாங்கினா எந்த மாதிரி பூட்டு, எங்க நிறுத்தணும்னு போட்டிருக்கிற நிபந்தனையை முதல்ல படிங்க.

ஆக எலக்ட்ரிக் சைக்கிள்காரங்களுக்குப் பதில்: யாரும் தர மாட்டாங்க.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?"

நல்ல பூட்டு ரூ.3,600 ஆகும்னு சொன்னா உடனே வர்ற எதிர்ப்பு இது. நியாயமான கேள்விதான். வண்டி விலையில பத்துல ஒரு பங்கு பூட்டுக்குன்னு உலகம் முழுக்க சைக்கிள்காரங்க ஒரு வாய்ப்பாடு சொல்வாங்க. அதைக் கண்ணை மூடிட்டு ஏத்துக்க வேண்டாம், போட்டுப் பார்ப்போம்.

நல்ல பூட்டு ரூ.3,600. கேபிள் லாக் ரூ.300. வித்தியாசம் ரூ.3,300. அஞ்சு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்கிட்டா மாசம் 55 ரூபாய். ரெண்டு ஃபில்டர் காபி.

இந்த 3,300 எப்போ நியாயமாகும்? அஞ்சு வருஷத்துல வண்டியோட மதிப்பு இறங்கிட்டே வரும். சராசரியா பாதி, 18,000ன்னு எடுத்துக்கலாம். 3,300ஐ 18,000ஆல வகுத்தா சுமார் 18%. அதாவது நல்ல பூட்டு திருட்டு வாய்ப்பை அஞ்சு வருஷத்துல 18 புள்ளி, வருஷத்துக்கு மூன்றரை புள்ளி சொச்சம் குறைச்சா போட்ட காசு வந்துடும். ராத்திரி வீட்டுக்குள்ள, பகல்ல செக்யூரிட்டி இருக்கிற ஆபீஸ் பேஸ்மென்ட்லன்னு மட்டும் நிக்கிற வண்டிக்கு இந்த அளவு ஆபத்து இருக்காது. அங்க 3,600 அதிகம்தான். தினம் எட்டு மணி நேரம் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற வண்டிக்கு இது ரொம்ப சாதாரண ஆபத்து.

ஆனா இந்த சராசரிக் கணக்கு லட்சம் வண்டி வெச்சிருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொருந்தும். உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு வண்டி. போனா 18% போகாது, முழுசா போகும். அதனால நான் இன்னொரு கேள்வி சேர்ப்பேன்: நாளைக்கே இந்த வண்டி போனா, கிரெடிட் கார்டைத் தொடாம, அம்மாகிட்ட கேட்காம, அடுத்த வண்டி வாங்க முடியுமா? முடியும்னா நடுத்தரப் பூட்டு போதும். முடியாதுன்னா, எமர்ஜென்சி ஃபண்டே இன்னும் ஆரம்பிக்கலைன்னா, நீங்கதான் நல்ல பூட்டு வாங்க வேண்டிய ஆள். காசு குறைவா இருக்கிறவங்கதான் மலிவான பூட்டு வாங்கறாங்க. இழப்பைத் தாங்க முடியாதவங்களும் அவங்கதான். இந்த முரண்பாடுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது.

பூட்டு விக்கிறது நிமிஷத்தை

உடைக்க முடியாத பூட்டு கிடையாது. பேட்டரியில ஓடற ஆங்கிள் கிரைண்டர் வந்த பிறகு இதுல விவாதமே இல்லை. நீங்க காசு குடுத்து வாங்கறது நிமிஷம். அந்த நிமிஷத்துல சத்தம் வரணும், யாராவது திரும்பிப் பார்க்கணும், திருடன் பக்கத்து வண்டிக்குப் போயிடணும்.

கேபிள் லாக்: உள்ள மெல்லிசு கம்பிகளை முறுக்கி மேல பிளாஸ்டிக் போட்டது. பார்க்கத் தடிமனா இருக்கும், பாதி தடிமன் பிளாஸ்டிக். கையடக்க கட்டர் போதும், சத்தமே வராது. ஹெல்மெட்டைக் கட்டி வைக்க, முன் சக்கரத்தைச் சேர்த்துக் கட்ட நல்லது. வண்டிக்கு அதை மட்டும் நம்பாதீங்க.

நம்பர் லாக்: நாலு இலக்கம்னா 10,000 சேர்க்கைன்னு கணக்கு அழகா இருக்கு. மலிவான நம்பர் லாக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சக்கரமா திருப்பினா எங்க இறுகுதுன்னு கைக்கே தெரியும்.

பின் சக்கர ரிங் லாக்: நம்ம ஊர் சைக்கிள்ல காலங்காலமா இருக்கிறது. ஓட்டிட்டுப் போறதைத் தடுக்கும். தூக்கிட்டுப் போறதைத் தடுக்காது. எலக்ட்ரிக் சைக்கிளை ஒரு ஆள் தூக்கி குட்டியானையில ஏத்திடலாம். ஸ்கூட்டர்ல போடற டிஸ்க் லாக், ஹேண்டில் லாக், ஆப்ல பண்ற மோட்டார் லாக் எல்லாத்துக்கும் இதே வரம்புதான்.

செயின்: கடினப்படுத்தின எஃகுல, வளையம் ஒவ்வொண்ணும் 8 மி.மீ.க்குக் குறையாம, முடிஞ்சா 10 மி.மீ. வளையம் சதுரமா, அறுகோணமா இருந்தா போல்ட் கட்டருக்குப் பிடி கிடைக்காது. ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல வாங்கற சங்கிலி தடிமனா இருந்தாலும் பெரும்பாலும் மென்மையான இரும்பு. வீட்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா அரத்தால ஒரு இழு இழுத்துப் பாருங்க. அரம் பிடிச்சு தூள் கொட்டினா அது கேட்டுக்குப் போடுற சங்கிலி. அரம் வழுக்கிட்டுப் போனா நல்ல சங்கிலி. சேர்த்து மாட்டற பூட்டும் அதே தரத்துல இருக்கணும். 2019ல புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா வீட்டுக் கதவுக்குன்னு செஞ்ச பூட்டோட வளையம் தெருவுல போல்ட் கட்டரைச் சந்திக்கச் செஞ்சது இல்லை.

யூ லாக்: என் ஓட்டு இதுக்குத்தான். 14 மி.மீ. அல்லது அதுக்கு மேல, கடினப்படுத்தின எஃகு. ரெண்டு முனையும் பூட்டுற டபுள் போல்ட்டா பாருங்க. அப்போ ஒரு இடத்துல வெட்டினா வளைச்சுக் கழட்ட முடியாது, ரெண்டு வெட்டு வேணும். அளவுல பெருசு வேண்டாம். உள்ள இடைவெளி எவ்வளவு குறைவோ, கடப்பாரை நுழைய அவ்வளவு இடம் இல்லை.

சாவித் துளையையும் கவனிங்க. 2004ல அமெரிக்காவுல பெரிய பேர் வாங்கின கிரிப்டோனைட் கம்பெனியோட வட்டச் சாவி பூட்டை பிளாஸ்டிக் பால்பாயிண்ட் பேனாவோட பின்பக்கத்தை வெச்சே திறந்து காட்டினாங்க. கம்பெனி பூட்டுகளை மாத்திக் குடுக்க வேண்டியதாச்சு. இன்னைக்கும் மலிவு பூட்டுகள்ல அந்த வட்டச் சாவி வருது. வேண்டாம்.

பெட்டி மேல "செக்யூரிட்டி லெவல் 8/10"னு போட்டிருந்தா அது அந்தக் கம்பெனி தனக்குத் தானே குடுத்துக்கிட்ட மார்க். ஒரு கம்பெனியோட அளவு 10 வரைக்கும், இன்னொண்ணு 15 வரைக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது. வெளியாள் சோதிச்சுக் குடுக்கிற முத்திரையைத் தேடுங்க: பிரிட்டன்ல சோல்டு செக்யூர் (பிரான்ஸ், சில்வர், கோல்டு, டைமண்ட்), நெதர்லாந்துல ஏ.ஆர்.டி. நட்சத்திரம். நான் ஆடிட் பண்ற கம்பெனி தன் கணக்கைத் தானே சரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போடறதில்லையே. அதே நியாயம்தான்.

எங்க, எப்படிப் பூட்டுறீங்க?

3,600 ரூபா பூட்டைத் தப்பாப் போட்டா அது 300 ரூபா பூட்டுக்குச் சமம்.

முன் சக்கரத்தை மட்டும் பூட்டாதீங்க, சக்கரத்தை விட்டுட்டு மீதி வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்து, தரையில ஊன்றின கம்பியோட பூட்டுங்க. அந்தக் கம்பி மேல திறந்து நிக்கிற குட்டைக் கம்பமா இருந்தா வண்டியைப் பூட்டோட தூக்கிக் கழட்டிடலாம். பூட்டு தரையில கிடக்க வேண்டாம். தரை மேல வெச்சு கட்டரை மிதிச்சா பலம் ரெண்டு மடங்காகும். சாவித் துளை கீழ பார்க்கட்டும், மழைத்தண்ணி உள்ள போகாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்ல துரு சீக்கிரம் வரும். அதுக்குன்னு தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க, தூசியை இழுத்து அடைச்சுக்கும். கிராஃபைட் பொடி, இல்லைன்னா பூட்டுக்குன்னு விக்கிற ஸ்பிரே போதும்.

பேட்டரி கழட்டுற மாதிரி இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. பெரும்பாலான எலக்ட்ரிக் சைக்கிள்ல தனியா விலை அதிகமான பாகம் அதுதான். பேட்டரி இல்லாத வண்டியை எடுத்துட்டுப் போனா விக்கறதும் கஷ்டம்.

ஜி.பி.எஸ். டிராக்கர், அலாரம் எல்லாம் நல்லதுதான், ஆனா அது ரெண்டாவது வரிசை. டிராக்கர் வண்டி எங்க போச்சுன்னு சொல்லும், போகாம நிறுத்தாது.

ராத்திரி முழுக்கத் தெருவுல நிக்கிற வண்டிக்கு நல்ல பூட்டுன்னு ஒண்ணு கிடையாது. அந்த நிலைமையில இருந்தா பூட்டுக்கு முன்னாடி இடத்துக்குச் செலவு பண்ணுங்க. பக்கத்து காம்பவுண்டுல மாசம் 300 ரூபாய்க்கு ஒரு ஓரம் கிடைச்சா அதுதான் உங்க முதல் பூட்டு. பி.ஜி. ரூம் எடுக்கிறப்போ வைஃபை ஸ்பீடு கேட்கிற மாதிரி, வண்டியை எங்க நிறுத்தறதுன்னும் கேளுங்க.

போயிடுச்சுன்னா

உடனே ஸ்டேஷன். சைக்கிளா இருந்தாலும் புகார் குடுங்க. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கிற புது சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ். 173) சம்பவம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவல் குடுக்கலாம். ஆன்லைன்ல குடுத்தா மூணு நாளுக்குள்ள கையெழுத்துப் போடணும். நம்ம ஊர்ல முதல்ல சி.எஸ்.ஆர். ரசீது குடுப்பாங்க. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். வேணும், விடாம கேளுங்க. பிறகு வண்டி கிடைக்கலைன்னு போலீஸ் தர்ற சான்றிதழும் வேணும்.

ஸ்கூட்டர்காரங்களுக்குக் கூடுதலா மூணு விஷயம். ஒண்ணு, இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். ரெண்டையும் ஒரே கொத்துல போட்டு வைக்காதீங்க. ரெண்டு, வண்டியைப் பாதுகாக்க நியாயமான அக்கறை எடுக்கணும்னு பாலிசியிலேயே நிபந்தனை இருக்கு. சாவியை வண்டியிலேயே விட்டுட்டு டீ குடிக்கப் போனா அதுவே கிளெய்மை மறுக்கக் காரணமாகும். மூணு, கிடைக்கிறது ஐ.டி.வி. மட்டும். 1,20,000 ரூபா வண்டிக்கு ரெண்டு வருஷம் தாண்டினா வழக்கமான அட்டவணைப்படி 30% கழிச்சு 84,000. லோன் இருந்தா அது முதல்ல பேங்குக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு.

என் முடிவு

வீடும் ஆபீஸும் ரெண்டும் காவல் உள்ள இடம்னா: ரிங் லாக், கூட 8 மி.மீ. செயின். ரூ.1,500க்குள்ள முடிச்சுக்கலாம்.

அபார்ட்மென்ட் பொது பார்க்கிங், பி.ஜி., ஸ்டேஷன்னா: டபுள் போல்ட் யூ லாக், இல்லைன்னா 10 மி.மீ. செயின். வண்டி விலையில பத்துல ஒரு பங்கு வரைக்கும் தயங்காதீங்க.

ராத்திரி தெருவுலன்னா: முதல்ல இடம், அப்புறம் பூட்டு.

புதுசா வாங்கப் போறவங்க வண்டி பட்ஜெட்டையே பூட்டோட சேர்த்துப் போடுங்க. 36,000தான் கையில இருக்குன்னா 32,500 ரூபா வண்டியும் 3,500 ரூபா பூட்டும் வாங்கறதுதான் என் கணக்குல சரி. அந்த 3,500 ரூபா வித்தியாசத்துல உங்களுக்குக் கிடைக்கிற கூடுதல் கியரோ, கலர் டிஸ்பிளேயோ, வண்டி போன பிறகு எதுக்கும் உதவாது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை நமக்கு வேண்டாம். இந்த வாரக் கடைசிக்குள்ள ரெண்டே வேலை: வண்டி பில், ஃபிரேம் நம்பர், வண்டியோட ஃபோட்டோ மூணையும் எடுத்து மெயில்ல உங்களுக்கே அனுப்பி வையுங்க. பத்து நிமிஷம் ஆகும், காசு ஆகாது. அப்புறம் கீழ போய் உங்க பூட்டை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க. அது வண்டியைக் காப்பாத்துமா, வண்டி பூட்டியிருக்குன்னு உங்களை நம்ப வைக்க மட்டும்தானான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.